ஊர் அருங்காட்சியகத்தில் எகிப்து: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எகிப்து என்றதும் எல்லோரும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு ஓடுகிறார்கள். ஓடுவதில் தப்பில்லை. ஆனால் ரொசெட்டா கல்லைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் தூக்கிப் பிடித்த கைப்பேசிகள் தெரியும் அளவுக்குக் கல் தெரிவதில்லை. லண்டனிலிருந்து ரயிலில் இரண்டேகால் மணி நேரத்தில் மான்செஸ்டர். அங்குள்ள மியூசியத்தில் எகிப்து, சூடான் பொருள்கள் சுமார் 18,000 இருக்கின்றன. அங்கிருந்து இருபது நிமிடத்தில் போல்டன் என்ற பழைய பஞ்சாலை ஊர். அதன் தொகுப்பில் சுமார் 12,000. லிவர்பூல் வேர்ல்டு மியூசியத்தில் சுமார் 15,000. மூன்றிலும் நுழைவு இலவசம். வார நாளில் போனால் ஒரு கண்ணாடிப் பேழையின் முன் அரை மணி நேரம் நின்றாலும் யாரும் நகரச் சொல்ல மாட்டார்கள்.

இந்த வழிகாட்டி வடமேற்கு இங்கிலாந்தை வைத்து எழுதப்பட்டது. இதில் உள்ள முறை வேறு ஊர்களுக்கும் பொருந்தும்.

எகிப்து இங்கே எப்படி வந்தது

இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் பாதிப் பேழைகள் புரியாது. அமேலியா எட்வர்ட்ஸ் என்ற எழுத்தாளர் 1873-74இல் நைல் நதியில் பயணம் போனார். திரும்பி வந்து, 1882இல் ரெஜினால்டு ஸ்டூவர்ட் பூலுடன் சேர்ந்து எகிப்து அகழாய்வு நிதியத்தைத் தொடங்கினார். நிதியம் சந்தாவில் ஓடியது. ஒவ்வோர் ஊரிலும் சந்தா திரட்ட ஒரு கௌரவச் செயலர். போல்டனில் அந்த வேலையைச் செய்தவர் ஆலை முதலாளியின் மகள் ஆனி பார்லோ. தோண்டி எடுத்ததில் எகிப்து அரசு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். மீதி, பணம் கொடுத்த ஊர்களுக்குப் பங்காகப் பிரிக்கப்படும். லங்காஷயர் ஆலைகளுக்கு எகிப்துப் பருத்தி வந்துகொண்டிருந்த காலம் அது. பருத்தியில் சேர்ந்த பணம் அகழாய்வுக்குப் போனது, அகழ்ந்த பொருள் ஆலை ஊர்களுக்கு வந்தது. மான்செஸ்டரிலும் இதே கதைதான்: ஜெஸ்ஸி ஹாவொர்த் என்ற துணி வணிகர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரியின் அகழாய்வுக்குப் பணம் கொடுத்தார், தன் பங்கை மியூசியத்துக்குத் தந்தார்.

இப்படிப் பிரிந்த பொருள்கள் 27 நாடுகளில் சுமார் 350 இடங்களுக்குப் போயிருக்கின்றன. 1983இல் எகிப்து கொண்டுவந்த சட்டத்தோடு பங்கு பிரிக்கும் வழக்கம் முடிந்தது. இந்தப் பிரிவினை நியாயமா என்பது பெரிய விவாதம். பார்வையாளருக்கு அதன் விளைவு ஒன்று தெரிந்தால் போதும்: ஒரே கல்லறையின் பொருள்கள் நான்கு நாடுகளில் கிடக்கலாம். உங்கள் முன்னால் உள்ள பானை தனிப்பானை அல்ல, சிதறிய ஒரு கூட்டத்தில் ஒன்று.

எந்த அருங்காட்சியகம்?

தொகுப்புகள் இரண்டு வகை. அகழாய்வுப் பங்காக வந்தவை ஒரு வகை. மான்செஸ்டரும் போல்டனும் பெரும்பாலும் இவை. இவற்றுக்கு எந்த ஊர், எந்தக் கல்லறை, எந்த ஆண்டு என்று சொல்ல முடியும். தனியார் சேகரித்து விட்டுச்சென்றவை இன்னொரு வகை. லிவர்பூலுக்கு நகை வணிகர் ஜோசஃப் மேயர் 1867இல் கொடுத்த தொகுப்பும், மருந்து வணிகர் ஹென்றி வெல்கமின் சேகரிப்பிலிருந்து 1971இல் வேல்ஸில் உள்ள ஸ்வான்சி பல்கலைக்கழகத்துக்கு வந்த தொகுப்பும் இப்படிப்பட்டவை. இவற்றில் அழகான பொருள்கள் அதிகம். ஆனால் பலவற்றுக்கு ‘எகிப்து’ என்பதற்கு மேல் பிறந்த ஊர் தெரியாது.

முதல்முறை போகிறவர் அகழாய்வுத் தொகுப்பிலிருந்து தொடங்குவது நல்லது. ஒரு பொருளின் அருமை அதன் அழகில் இருப்பதைவிட, அது எங்கே, எதோடு சேர்ந்து கிடைத்தது என்பதில்தான் இருக்கிறது. இந்தக் கேள்வியோடு பார்க்கப் பழகிவிட்டால் பிறகு எந்தத் தொகுப்பையும் பார்க்கலாம். குழந்தைகளோடு போவதானால் ஸ்வான்சி நல்ல தேர்வு. 1998இல் திறந்த அந்த எகிப்து மையத்தில் தொட்டுப் பார்ப்பதற்கென்றே பொருள்கள் வைத்திருக்கிறார்கள்.

இந்தியாவிலேயே பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஹைதராபாத் மாநில அருங்காட்சியகம், ஜெய்ப்பூர் ஆல்பர்ட் ஹால், கொல்கத்தா இந்தியன் மியூசியம், வடோதரா அருங்காட்சியகம் ஆகியவற்றில் மம்மிகள் இருக்கின்றன. இவை சிறிய தொகுப்புகள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் முழுதும் பார்த்துவிடலாம்.

முந்தின நாள் மாலை

அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலைத் திறந்து, அகழாய்வு ஊர்ப் பெயர் ஒன்றைத் தேடுங்கள். மான்செஸ்டருக்கு லாஹுன், குரோப், ரிஃபே. லிவர்பூலுக்கு பெனி ஹசன், அபிடோஸ். ‘மம்மி’, ‘தங்கம்’ என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து விழும், ஒன்றும் மனதில் நிற்காது. வருவதில் பத்துப் பொருளைத் தேர்ந்து, எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். பத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு மணி நேரத்தில் ஒழுங்காகப் பார்க்க முடிவது அவ்வளவுதான். அதற்கு மேல் கால் வலிக்கும், கண் எதையும் வாங்காது.

பட்டியலில் இருப்பதெல்லாம் கூடத்தில் இருக்காது. போல்டனின் 12,000இல் சுமார் 2,000தான் காட்சிக்கு இருக்கின்றன, மீதி கிடங்கில். சில பொருள்கள் உலகத்திலேயே இல்லாமலும் போயிருக்கலாம். 1941 மே மாதக் குண்டுவீச்சில் லிவர்பூல் மியூசியம் எரிந்து பல பொருள்கள் அழிந்தன. அதே ஆண்டு லீட்ஸில் விழுந்த குண்டில் மற்ற மம்மிகள் போய், நெஸ்யமூன் என்ற கர்னக் கோயில் பூசாரியின் உடல் மட்டும் தப்பியது. பழைய பட்டியல்களை நம்பிப் புறப்பட்டால் இந்த ஏமாற்றம் நேரும்.

சில இடங்களுக்கு வார விடுமுறை உண்டு, பெரும்பாலும் திங்கட்கிழமை. எகிப்துக் கூடம் மட்டும் பராமரிப்புக்காக மூடியிருப்பதும் நடக்கும். காலையில் ஒரு தடவை இணையதளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பையில் வேண்டியவை கொஞ்சம்தான்: பென்சில், சின்ன நோட்டு, கைப்பேசி, பக்கத்துப் பொருளையும் காட்டக்கூடிய சிறிய இருகண்ணோக்கி. கடைசியானது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஒன்றரை சென்டிமீட்டர் நீள ஸ்காரப், அதாவது வண்டு வடிவத் தாயத்து, கண்ணாடிக்கு அப்பால் இரண்டடி தள்ளி இருக்கும்போது அதுதான் கைகொடுக்கும். டார்ச் வேண்டாம். துணி, பாப்பிரஸ் என்ற நாணல்தாள், வண்ணம் தீட்டிய மரம் இவையெல்லாம் வெளிச்சத்தில் வெளிறுவதால் அந்தப் பேழைகளில் 50 லக்ஸ் அளவுக்குத்தான் ஒளி வைப்பார்கள். உள்ளே நுழைந்ததும் இருட்டாகத் தெரியும். ஐந்து நிமிடம் பொறுத்தால் கண் பழகிவிடும்.

பெயர்ச்சீட்டைப் படிப்பது

பெயர்ச்சீட்டில் நான்கு விவரங்களைத் தேடுங்கள்: கிடைத்த ஊர், காலம், தந்தவர் அல்லது தோண்டியவர், பொருள் எண். நிலத்துக்குச் சர்வே எண் எப்படியோ, அருங்காட்சியகப் பொருளுக்கு இந்த எண் அப்படி. பெயரும் காலமும் விளக்கமும் நாளை மாறலாம், எண் மாறாது. லிவர்பூலில் எண்ணுக்கு முன் ‘எம்’ என்ற எழுத்து இருந்தால் அது மேயர் கொடுத்தது. ஸ்வான்சியில் ‘டபிள்யூ’ இருந்தால் வெல்கம் தொகுப்பு. பல இடங்களில் முதலில் வந்து சேர்ந்த ஆண்டு, பிறகு அந்த ஆண்டின் வரிசை எண் என்று இருக்கும். ஆண்டு 1890களாகவோ 1900களாகவோ இருந்து, ஊர்ப்பெயரும் இருந்தால் அநேகமாக அது அகழாய்வுப் பங்கு.

காலத்துக்கு இந்தச் சட்டகம் போதும், எல்லாம் கி.மு.: பழைய அரசு சுமார் 2686 முதல் 2160 வரை, இடை அரசு 2055 முதல் 1650 வரை, புதிய அரசு 1550 முதல் 1069 வரை, மூன்றாம் இடைக்காலம் 664 வரை, பிற்காலம் 332 வரை, அதன் பின் தாலமிகள் என்ற கிரேக்க வழி அரசர்கள், கி.மு. 30 முதல் ரோமர். வெவ்வேறு அருங்காட்சியகங்கள் பத்து இருபது ஆண்டு முன்பின்னாகப் போடும். அதைப் பிழை என்று எண்ண வேண்டாம், கணக்கிடும் முறை வேறு.

‘கூறப்படுகிறது’, ‘என்று நம்பப்படுகிறது’ என்ற சொற்களைக் கண்டால் நின்று படியுங்கள். ‘தீப்ஸிலிருந்து’ என்பதும் ‘தீப்ஸிலிருந்து என்று கூறப்படுகிறது’ என்பதும் ஒன்றல்ல. பின்னது விற்றவன் சொன்ன கதை.

பொருளின் மேலேயே மையால் எழுதியிருப்பதையும் பாருங்கள், முக்கியமாகப் பானைகளின் தோளிலும் அடியிலும். தோண்டிய இடத்திலேயே கல்லறை எண்ணை எழுதிவிடுவது பெட்ரி குழுவின் வழக்கம். ஜான் கார்ஸ்டாங் அபிடோஸில் தோண்டியவற்றில் கல்லறை எண், ‘ஏ’ என்ற எழுத்து, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் என்று இருக்கும். ‘ஏ 07’ என்றால் அபிடோஸ், 1907. பெயர்ச்சீட்டில் இல்லாத செய்தி சில நேரம் இந்த மைக்கிறுக்கலில் இருக்கிறது. அழுக்கு என்று கண்ணை எடுத்துவிடாதீர்கள்.

எதைப் பார்க்கும்போது எங்கே கண் வைப்பது

*பானைகள்.* எல்லோரும் கடந்துபோகும் பேழை இது. ஊர் அருங்காட்சியகங்களுக்குப் பங்கில் மிகுதியாக வந்ததும் பானைதான், ஏனென்றால் கல்லறைக்குக் கல்லறை பத்து இருபது கிடைக்கும், பிரிப்பதும் சுலபம். வாய்ப்புறம் கறுப்பாகவும் உடல் பளபளக்கும் சிவப்பாகவும் இருப்பவை கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டின் நகாடா காலத்தவை. காவிக்கல் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிச் சுட்டவை. வாய்ப்புறத்துக்குக் காற்றுப் படாமல், சாம்பலிலோ உமியிலோ புகையில் அடைபட்டதால் அந்தப் பகுதி கறுத்தது. தமிழ்நாட்டு அகழாய்வுகளின் கருப்பு-சிவப்புப் பானைகளைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று ஒரு பரவசம் வரும். சுடும் நுட்பத்தில் ஒற்றுமை உண்டு, ஆனால் இடையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இருக்கின்றன. நிறத்தை மட்டும் வைத்து உறவு கட்டிவிடக் கூடாது.

எழுத்தோ ஆண்டோ இல்லாத இந்தக் காலத்துக்கு வரிசை கண்டுபிடிக்க பெட்ரி பயன்படுத்தியது பானையின் வடிவத்தைத்தான். அலைபோல் வளைந்த கைப்பிடி வைத்த உருண்டைப் பானை, தலைமுறை தலைமுறையாக மெலிந்து, கைப்பிடி வெறும் கோடாகி, கடைசியில் நேரான உருளையாகிவிடுகிறது. அவர் வரிசையை 30 முதல் 80 வரை எண்ணிட்டார். 30க்குக் கீழே காலியாக விட்டது, இன்னும் பழையது பின்னால் கிடைத்தால் இடம் வேண்டும் என்பதற்காக, கிடைக்கவும் செய்தது. பெயர்ச்சீட்டில் ‘வரிசைக் காலம்’ என்று ஒரு எண் இருந்தால் அது இதுதான், ஆண்டு அல்ல. மண்ணையும் கவனியுங்கள்: பழுப்புச் சிவப்பாக இருந்தால் நைல் வண்டல், வெளிறிய மஞ்சளாகவோ பச்சை சாய்ந்தோ இருந்தால் பாலைவன விளிம்பின் சுண்ணாம்புக் களி.

*ஷப்திகள்.* கல்லறையில் இறந்தவருக்குப் பதிலாக வயல் வேலை செய்ய வைத்த சிறு உருவங்கள். மூன்று அடையாளங்களைக் கொண்டு காலத்தைத் தோராயமாகச் சொல்லிவிடலாம். முதுகில் செங்குத்தான தூணும் காலடியில் சதுர பீடமும் பின்னிய தாடியும் இருந்தால் பிற்காலம், கி.மு. 664க்குப் பின். விரலளவு சிறிதாக, அரைகுறையாக அச்சில் வார்த்து, முன்பக்கம் ஒரே பத்தியில் கறுப்பு மையால் எழுதியிருந்தால் மூன்றாம் இடைக்காலம். ஆழ்ந்த நீல நிறத்தில் மினுங்குபவையும் அந்தக் காலத்தின் தொடக்கத்தில் உண்டு. தூண் இல்லாமல், பெரிதாக, முகம் நிதானமாகச் செதுக்கியிருந்தால் புதிய அரசாக இருக்க வாய்ப்பு அதிகம். மூன்றாம் இடைக்காலத்தில் ஒரு முழுத் தொகுதி 401 வரை போனது: நாளுக்கு ஒருவராக 365 பேர், பத்துப் பேருக்கு ஒருவராக 36 மேற்பார்வையாளர். மேற்பார்வையாளருக்கு முன்னால் விரிந்த வேட்டி, கையில் சாட்டை. பேழையில் அவரைக் கண்டுபிடியுங்கள், குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டு.

நீலமும் பச்சையுமாகப் பளபளக்கும் இந்தப் பொருளுக்கு ஃபேயன்ஸ் என்று பெயர். களிமண் அல்ல, அரைத்த குவார்ட்ஸ் மணலோடு கொஞ்சம் சுண்ணாம்பும் காரமும் சேர்த்துச் சுட்டது, நிறம் செம்பிலிருந்து வருகிறது. பழைய பெயர்ச்சீட்டுகளில் பீங்கான் என்று எழுதியிருப்பார்கள். அது தவறு.

*ஸ்காரப்கள்.* வண்டின் முதுகை ரசித்துவிட்டுப் போய்விடாதீர்கள், செய்தி அடிப்பக்கத்தில் இருக்கிறது. நல்ல அருங்காட்சியகங்கள் அடியில் கண்ணாடி வைத்திருக்கும். இங்கே புதியவர்கள் விழும் பள்ளம் ஒன்று உண்டு. சூரிய வட்டம், விளையாட்டுப் பலகை, வண்டு என்று மூன்று குறியும் நீள்வட்டத்துக்குள் இருந்தால் அது மூன்றாம் துத்மோஸின் பட்டப்பெயர், மென்கெப்பர்ரே. உடனே கி.மு. 15ஆம் நூற்றாண்டு என்று குறித்துக்கொள்வார்கள். ஆனால் அந்தப் பெயருக்குக் காக்கும் சக்தி உண்டென்று நம்பி, அவர் இறந்து பல நூறு ஆண்டுகள் கழித்தும் அதே பெயரில் ஸ்காரப் செய்துகொண்டிருந்தார்கள். பெயர் அரசனைச் சொல்லும், செய்த காலத்தைச் சொல்லாது.

*கல்வெட்டுப் பலகைகள்.* எழுத்து தெரியாமலே ஒரு வரியைப் படிக்கக் கற்றுக்கொள்ளலாம். முதலில் திசை: பறவை, மனிதன், விலங்கு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து வரி தொடங்குகிறது. தொடக்கத்தில் ஒரு நாணல் செடி, பாயின் மேல் ரொட்டி, கூரிய முக்கோணம் மூன்றும் சேர்ந்து வந்தால் அது ‘ஹெதெப் தி நெசு’, அரசன் அளிக்கும் படையல். அடுத்து ஒரு தெய்வத்தின் பெயர், பெரும்பாலும் ஒசிரிஸ். பிறகு ரொட்டி, பீர்க் குடுவை, மாட்டுத்தலை, பறவைத்தலை. தண்டோடு கூடிய தாமரை இலை கண்டால் அதற்கு ஆயிரம் என்று பொருள். ‘ரொட்டி ஆயிரம், பீர் ஆயிரம், மாடு ஆயிரம், பறவை ஆயிரம்.’ உயர்த்திய இரண்டு கைகள் வந்தால் ‘கா’, அதாவது இன்னாரின் உயிராற்றலுக்கு. அதற்குப் பின் வருவது இறந்தவரின் பட்டமும் பெயரும். இந்த ஒரு வாய்பாடு கல்லிலும் சவப்பெட்டியிலும் திரும்பத் திரும்ப வருகிறது. நான்கு பலகையில் தேடிப் பார்த்தால் ஐந்தாவதில் தானாகவே கண்ணில் படும்.

*சவப்பெட்டிகள்.* இடை அரசுக் காலத்துச் செவ்வகப் பெட்டியின் ஒரு பக்கத்தில் இரண்டு கண்கள் வரைந்திருக்கும். உடல் இடப்பக்கமாகச் சாய்ந்து, அந்தக் கண்கள் வழியாகக் கிழக்கே உதிக்கும் சூரியனைப் பார்க்கும் ஏற்பாடு. கண் இருக்கும் பக்கம் கிழக்கு என்றால் தலைமாடு வடக்கு. மியூசியத்தில் பெட்டியை எப்படித் திருப்பி வைத்திருந்தாலும், கல்லறையில் அது கிடந்த நிலையை நீங்களே மனதில் வைத்துப் பார்க்கலாம். மனித வடிவப் பெட்டிகளில், முக்கியமாக மூன்றாம் இடைக்காலத் தொடக்கத்தின் 21ஆம் வம்சத்து மஞ்சள் பெட்டிகளில், கையைப் பாருங்கள்: மூடிய முஷ்டி ஆணுக்கு, விரித்த உள்ளங்கை பெண்ணுக்கு. பெட்டி ஒருவருக்குச் செய்து இன்னொருவருக்குப் பயன்பட்டதும் உண்டு. கையும் பெயரும் முரண்பட்டால் அப்படி ஏதோ நடந்திருக்கலாம்.

மான்செஸ்டரின் ‘இரு சகோதரர்’ இதற்குச் சிறந்த பாடம். 1907இல் ரிஃபேயில் ஒரே கல்லறையில் க்னும்-நக்த், நக்த்-அங்க் என்ற இருவர், பெட்டிகள், படகு மாதிரிகள், சிலைகள் எல்லாம் கலையாமல் கிடைத்தன. பங்கு பிரிக்காமல் மொத்தமும் மான்செஸ்டருக்கு வந்தது. 1908இல் மார்கரெட் மர்ரே தலைமையில் உடல்களைப் பிரித்துப் பார்த்தார்கள். எலும்பமைப்பில் இருவரும் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகவே இல்லை, சகோதரர்தானா என்ற சந்தேகம் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. 2018இல் வெளியான டி.என்.ஏ. ஆய்வு, தாய் ஒருத்தி, தந்தை வேறு என்று காட்டியது. பெட்டியின் எழுத்துகள் இருவருக்கும் தாயின் பெயராக க்னும்-ஆ என்றே சொல்லியிருந்தன.

*குடல் ஜாடிகள்.* பதப்படுத்தும்போது உடலிலிருந்து எடுத்த உறுப்புகளை வைத்த ஜாடிகள். எதில் எது என்பதை மூடியின் தலை சொல்லும்: மனிதத்தலை ஈரல், குரங்குத்தலை நுரையீரல், நரித்தலை வயிறு, வல்லூறுத்தலை குடல். மூடியும் ஜாடியும் ஒரே கல்லா, ஒரே நிறமா என்று பாருங்கள். சந்தையில் வாங்கியவற்றில் மாறிப்போன மூடிகள் நிறைய.

*துணி.* போல்டனின் தனிச்சிறப்பு இதுதான். நூல் நூற்கும் ஊர்க்காரர்கள் நூலைத்தான் கேட்டு வாங்கினார்கள். லினன் என்ற ஆளிநார்த் துணியை நெருங்கிப் பாருங்கள்: முறுக்கு மேலே இடப்பக்கத்திலிருந்து கீழே வலப்பக்கம் சாய்ந்திருந்தால் அது எகிப்திய வழக்கம், ஆளிநார் ஈரம் பட்டதும் இயல்பாகத் திரும்பும் பக்கம் அது. எதிர்ப்பக்கம் சாய்ந்த பருத்தித்துணி செங்கடல் துறைமுகமான பெரெனிகேயின் ரோமர் காலக் குப்பைகளில் கிடைக்கிறது. அது இந்தியாவிலிருந்து போனது என்பது ஆய்வாளர் முடிவு. அதே பெரெனிகேயில் ஏழரைக் கிலோ மிளகு நிறைந்த இந்தியச் சாடி கிடைத்தது. தமிழ் பிராமி எழுதிய பானை ஓடுகள் அங்கும், இன்னொரு செங்கடல் துறைமுகமான குசெய்ர் அல்-கதீமிலும் கிடைத்திருக்கின்றன. ரோமர் கால எகிப்துக்கு ஒதுக்கிய மூலைப் பேழையைக் கூட்டம் பொருட்படுத்தாது. நாம் பொருட்படுத்தக் காரணம் இருக்கிறது. துணியில் ஆர்வம் வந்துவிட்டால் லிவர்பூலில் மூன்றாம் ராம்சேஸ் காலத்து நெசவு இடுப்புக்கச்சை இருக்கிறது, ஐந்து மீட்டருக்கும் மேல் நீளம்.

போல்டனில் மூன்றாம் துத்மோஸின் கல்லறை அறையை முழு அளவில் மறுபடைப்பாகக் கட்டியிருக்கிறார்கள், 2018இல் திறந்தது. நகல்தானே என்று ஒதுக்க வேண்டாம். அசல் கல்லறையில் நெரிசலும் வெக்கையும் அதிகம். இங்கே சுவரில் சூரியன் இரவின் பன்னிரண்டு மணிகளைக் கடக்கும் வரிசையை ஒவ்வொன்றாக நின்று பார்க்க முடியும்.

மம்மிகளின் முன்னால்

இவர்கள் இறந்த மனிதர்கள். பல அருங்காட்சியகங்கள் இப்போது ‘மம்மி’ என்பதற்குப் பதில் ‘பதப்படுத்தப்பட்ட மனிதர்’ என்று எழுதுகின்றன. 2008இல் மான்செஸ்டர் சில உடல்களைத் துணியால் மூடியபோது பார்வையாளர்கள் எதிர்த்தார்கள், மூடலைத் திரும்ப எடுத்தார்கள். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. படம் எடுக்கலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும், கேட்டுவிடுங்கள். சிரித்தபடி தற்படம் வேண்டாம். பார்க்க விருப்பமில்லாதவர்களுக்காகப் பல இடங்களில் முன்னறிவிப்புப் பலகை வைத்திருப்பார்கள், குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் அதைக் கவனியுங்கள்.

விலங்கு மம்மிகள் வேறு கதை. மான்செஸ்டர் ஆய்வாளர்கள் எண்ணூறுக்கும் மேற்பட்டவற்றைக் கதிர்ப்படம் எடுத்துப் பார்த்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்கில் விலங்கே இல்லை. சேறும் நாணலும் முட்டையோடும்தான். 1890இல் சுமார் 19 டன் பூனை மம்மிகள் லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கி, வயலுக்கு உரமாக ஏலம் போயின. பேழையில் இருக்கும் பூனை அந்தத் தராசைத் தப்பியது.

போலிகள்

2003இல் போல்டன் அருங்காட்சியகம் ‘அமர்னா இளவரசி’ என்ற ஒன்றரை அடிக்கும் பெரிய, 52 சென்டிமீட்டர் சிலையை 4,40,000 பவுண்டுக்கு வாங்கியது. நிபுணர்கள் பார்த்து ஒப்புதல் கொடுத்திருந்தார்கள். ஷான் கிரீன்ஹால் தன் வீட்டிலேயே செய்த போலி அது. 2007இல் அவருக்குச் சிறை. சிலையைவிட அதனோடு வந்த காகிதம்தான் ஏமாற்றியது: 1892ஆம் ஆண்டின் ஒரு உண்மையான ஏலப் பட்டியல். அதில் பெயர் குறிப்பிடாத எகிப்து உருவங்கள் என்று ஒரு வரி இருந்தது, சிலையை அந்த வரிக்குள் நுழைத்துவிட்டார்கள். அகழாய்வில் வந்த பொருளிடம் இந்தப் பயம் இல்லை. தரையிலிருந்து பேழை வரை அதன் பாதை பதிவாகியிருக்கிறது. சந்தை வழி வந்த அழகிய பொருளிடம் மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு நில்லுங்கள்.

படம் எடுப்பது

பொருளுக்கு முன் பெயர்ச்சீட்டை எடுங்கள். வீட்டுக்கு வந்து நாற்பது படத்தில் எது எது என்று தெரியாமல் விழிப்பவர்கள் செய்யத் தவறுவது இது. ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். கைப்பேசியின் விளிம்பைக் கண்ணாடியில் மெல்ல ஒட்டி வைத்தால் பிரதிபலிப்பு போய்விடும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போனால் பாதிப் பிரதிபலிப்பு தானாகவே குறையும். கல்வெட்டை நேரே எடுத்தால் எழுத்து தெரியாது. பேழை விளக்கு எந்தப் பக்கமிருந்து சாய்ந்து விழுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நகர்ந்து எடுத்தால் செதுக்கலின் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும்.

வீட்டுக்கு வந்தபின் தடம் பிடிப்பது

ஊரும் கல்லறை எண்ணும் கையில் இருந்தால் போதும். எகிப்து அகழாய்வு நிதியம், பெட்ரி, கார்ஸ்டாங் ஆகியோரின் பழைய அறிக்கைகள் பெரும்பாலும் காப்புரிமை கடந்தவை. இன்டர்நெட் ஆர்க்கைவிலும் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழக மின்நூலகத்திலும் இலவசமாகக் கிடைக்கும். அறிக்கையின் பின்பகுதியில் உள்ள படத்தகடுகளில் கல்லறை எண்ணைத் தேடுங்கள், உரையில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அடுத்து ஆக்ஸ்ஃபோர்டின் கிரிஃபித் இன்ஸ்டிடியூட் இணையத்தில் வைத்திருக்கும் பங்கு பிரித்த பட்டியல்கள். எந்த ஆண்டின் பொருள் எந்த ஊருக்குப் போனது என்பது அதில் இருக்கும். பொருளின் மேல் எழுதிய மைக்குறிகளுக்கும் அங்கே விளக்கம் உண்டு. மூன்றாவதாக லண்டன் பெட்ரி அருங்காட்சியகத்தின் பட்டியல்.

இரண்டு இடத்தில் வழி தவறும். ஊர்ப்பெயரின் எழுத்து ஆளுக்கு ஆள் மாறும்: பெட்ரி ‘காஹுன்’ என்று எழுதியதைத்தான் இன்று லாஹுன் என்கிறார்கள். தேடல் ஒன்றும் காட்டாவிட்டால் பெயரை வேறு எழுத்தில் தேடிப் பாருங்கள். மற்றொன்று, பொருள் இடம் மாறியிருக்கலாம். நார்தாம்ப்டன் நகர மன்றம் தன் அருங்காட்சியகத்தின் செகெம்கா சிலையை 2014இல் ஏலத்தில் ஒன்றரைக் கோடிப் பவுண்டுக்கு மேல் விற்றது. அதற்காக அருங்காட்சியகம் தன் அங்கீகாரத்தையும் இழந்தது.

கிடங்கில் உள்ளதைப் பார்க்க

ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டிய அவசியமில்லை. தெளிவாகக் கேட்கத் தெரிந்தால் போதும். காப்பாளருக்கு ஆறு வாரம் முன்னால் மின்னஞ்சல் அனுப்புங்கள். பொருள் எண்கள் ஐந்துக்கு மிகாமல், ஏன் பார்க்க வேண்டும் என்று இரண்டு வரி, அளக்கவா வரையவா படமெடுக்கவா என்பது, உங்களுக்குத் தோதான மூன்று தேதிகள். ‘உங்கள் எகிப்துப் பொருள்களைப் பார்க்க ஆசை’ என்று எழுதினால் கூடத்துக்கு வாருங்கள் என்று பதில் வரும்.

ஆய்வறையில் பேனா அனுமதி இல்லை, பென்சில் மட்டும். மோதிரம், கைக்கடிகாரம், தொங்கும் சங்கிலி, அடையாள அட்டைக் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பொருளை இரண்டு கையாலும், மெத்தை விரித்த மேசைக்கு மேலேயே, தாழ்வாகப் பிடிக்க வேண்டும். கைப்பிடியையோ விளிம்பையோ பிடித்துத் தூக்கக் கூடாது; மூவாயிரம் ஆண்டுப் பானையில் முதலில் உடைவது அவைதான், பழைய ஒட்டும் அங்கேதான் இருக்கும். துணி, மரம், விலங்கு மம்மி போன்றவற்றில் பழைய நாளில் பூச்சிக்காகத் தெளித்த ஆர்செனிக் போன்ற நஞ்சு இருக்கலாம் என்பதால் கையுறை கொடுப்பார்கள். கொடுத்தால் போட்டுக்கொள்ளுங்கள், முகத்தைத் தொடாதீர்கள். எடுத்த படத்தை வெளியிடுவதற்குத் தனி அனுமதி வேண்டும்; அந்தப் படிவத்தை அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

பட்டியலில் தவறு கண்டால் சொல்லுங்கள். சிறிய அருங்காட்சியகங்களில் எகிப்துக்கென்று தனிக் காப்பாளர் இல்லாத இடம் பல. பறவைகளையும் நாணயங்களையும் பார்க்கும் அதே ஆள்தான் இதையும் பார்ப்பார். ‘இது தவறு’ என்று தொடங்காமல், பொருள் எண், அறிக்கையின் பக்கம், தகட்டு எண், பொருளின் மேல் உள்ள மைக்குறியின் படம், இவற்றை ஒரே மின்னஞ்சலில் வைத்து ‘இந்தக் கல்லறையாக இருக்குமா?’ என்று கேளுங்கள். பதில் வர ஒரு மாதம்கூட ஆகலாம். அதுவரை மறுபடி மறுபடி எழுத வேண்டாம்.